முட்டத்து வெள்ளைக் குழல்கள்

2025 ஜனவரி 12, ஞாயிறு

நாகர்கோவிலிலிருந்து காலை பஸ்ஸில் முட்டம். மழைநீர் அறுத்த செம்மண் மேட்டில், ஓடைச் சுவரிலிருந்து வெள்ளையாக ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. விரல் பருமன், ஒரு சாண் நீளம், கீழே போகப்போக மெலிவு. எலும்பேதான் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. நம் மாவட்டத்துப் பாறை பெரும்பாலும் சார்னோகைட்டும் அதன் உறவுகளும். பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் வெந்த, 50 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய பாறைகள். அவற்றில் உயிரின் தடம் தேடிப் பயனில்லை. மேலே படிந்த மணலில்தான் நம்பிக்கை.

உதிர்ந்து கிடந்த இரண்டு துண்டுகளை மட்டும் எடுத்தேன். இடம், மேட்டின் உச்சியிலிருந்து ஆழம், மண்ணின் நிறம் மூன்றையும் அங்கேயே எழுதித் துண்டோடு பொதிந்தேன். சிறுவயதில் சேர்த்த ஒரு டப்பா சிப்பிகள் வீட்டில் இருக்கின்றன. எந்தக் கரையில் எடுத்தவை என்று ஒன்றிலும் குறிக்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் காட்டினேன். "எலும்பா பாட்டா?"

திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தாழை வேர் இப்படித்தான் கிளை பிரியும் மக்களே."

ஜனவரி 14

பொங்கல். இரவு ஒரு துளி வினிகர் விட்டேன். நுரைத்தது. சுண்ணாம்பு இருக்கிறது, அதற்கு மேல் அந்த நுரை எதுவும் சொல்லாது.

ஜனவரி 19, ஞாயிறு

உடைந்த முனையைக் கைலென்ஸில் பார்த்தேன். நடுவில் ஊசி நுழையும் துளை. சுற்றிலும் வளையம் வளையமாகச் சுண்ணாம்பு, அதற்குள் செம்மணல் மணிகள். எலும்பாக இருந்தால் உள்ளே பஞ்சு போலக் கண்ணறைகளும் வெளியே இறுகிய ஓடும் தெரியும். ஓட்டுக்குள் மணல் எப்படிப் புகும்? பெரியவர் சொன்னதே சரி. வேர் நீரை உறிஞ்ச உறிஞ்ச, மண்நீரில் கரைந்திருந்த சுண்ணாம்பு அதைச் சுற்றிப் படிந்திருக்கிறது. வேர் மக்கிவிட்டது, உறை நிற்கிறது.

அரியலூரின் அம்மோனைட் என்னும் சுருள் ஓட்டுக் கடலுயிர்ப் புதைபடிவத்துக்கும் சாத்தனூரின் 18 மீட்டர் கல்மரத்துக்கும் ஏங்காத நாளில்லை. இன்று அந்த ஏக்கம் வரவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

மறுபடியும் அதே ஓடை. சுவரில் ஏழு குழல்கள். கயிறு பிடித்துப் பார்த்தேன்: ஏழின் தடித்த முனையும் ஏறக்குறைய ஒரே மட்டம். செடிகள் நின்ற பழைய தரை அதுவாகத்தான் இருக்க வேண்டும். பிறகு மணல் மூடியிருக்கிறது. இன்று எதையும் எடுக்கவில்லை. படம் வரைந்து, ஆழங்களை எழுதிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் பழைய சீட்டில் 'எலும்பு?' என்பதை அடித்து, 'வேர் உறை, முட்டம்' என்று எழுதி ஒட்டினேன்.