பேரவைத் தேர்தலில் நிற்கப் போகிறீர்களா? முதலில் தேர்வுப் பிரிவுக்குப் போங்கள்

மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் மாணவர் பேரவைத் தேர்தல். எங்கள் அணியின் செயலாளர் வேட்பாளர் ஓட்டுப் பதிவுக்கு முன்பே வெளியேறினார். அவருக்கு அரியர் கிடையாது. வேட்புமனுவோடு வைக்க வேண்டிய, அரியர் இல்லை என்ற சான்றிதழ்தான் கிடைக்கவில்லை. இன்னும் ஆறவில்லை.

நடந்தது இதுதான். இரண்டாம் செமஸ்டரில் அவர் வேறு துறையில் ஒரு விருப்பப் பாடம் எடுத்திருந்தார். அந்தத் துறை இன்டர்னல் மதிப்பெண்ணை அனுப்பவேயில்லை. அதனால் தேர்வுப் பிரிவுக் கணினியில் அந்தப் பாடத்துக்கு எதிரே 'முடிவு நிறுத்திவைப்பு' என்று நின்றது. “ஸ்கிரீன்ல இப்படி இருக்கும்போது நான் எப்படி எழுதித் தர்றது?” என்றார் எழுத்தர். அந்தத் துறைக்கு ஓடினால், பாடம் எடுத்த பேராசிரியர் விடுப்பில். துறைத் தலைவர் கையெழுத்துப் போட்டுக் கடிதம் தந்தார். அதைக் கொண்டுபோனால், கடிதம் செல்லாது, மதிப்பெண் பட்டியலே வேண்டும் என்றார்கள். அலைந்து முடிப்பதற்குள் மணி ஐந்தாகிவிட்டது, மனு வாங்கும் நேரமும் முடிந்தது. சான்றிதழ் இல்லாமலே மனுவைப் போட்டோம், மறுநாள் பரிசீலனையில் தள்ளினார்கள்.

இதில் அவகாசம் கேட்கவே முடியாது. 2006 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் நடைமுறைப்படுத்தச் சொன்ன, மாணவர் தேர்தல் விதிகளை வகுத்த லிங்டோ குழுவின் பரிந்துரைப்படி, வேட்புமனுவில் தொடங்கி முடிவு அறிவிப்பு வரை எல்லாமே 10 நாளுக்குள் முடிய வேண்டும். மனு வாங்க எங்களுக்குக் கிடைத்தது ஒரே நாள். ஆனால் கல்வியாண்டு தொடங்கி 6 முதல் 8 வாரத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்பதும் அதே பரிந்துரைதான். ஆகவே அறிவிப்பு வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். வகுப்பு தொடங்கிய மூன்றாவது வாரமே தேர்வுப் பிரிவில் உங்கள் பதிவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வேறு துறையில் எடுத்த பாடம் இருந்தால் அதை முதலில் பாருங்கள், சிக்கல் பெரும்பாலும் அங்கேதான்.

வருகைப் பதிவும் இப்படித்தான். பல்கலைக்கழகம் வைத்திருக்கும் அளவு அல்லது 75 சதவீதம், இதில் எது அதிகமோ அது வேண்டும். மாதவாரியாகத் துறை அலுவலகத்தில் கையெழுத்து வாங்கி வைத்திருந்தால் கடைசி நாளில் யார் காலிலும் விழ வேண்டாம். வயது வரம்பு இளங்கலைக்கு 22, முதுகலைக்கு 25, ஆய்வு மாணவர்களுக்கு 28. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் நகல் போதும். ஒருவர் நிர்வாகி பதவிக்கு ஒரே முறைதான் போட்டியிடலாம், செயற்குழு உறுப்பினர் பதவிக்கு இரண்டு முறை.

முன்மொழிபவர், வழிமொழிபவர் விஷயத்தில் அசட்டையாக இருக்காதீர்கள். எங்கள் விதிப்படி, ஒரே பதவிக்கு இரண்டு பேரை ஒருவரே முன்மொழிந்தால் இரண்டு மனுவும் போச்சு. விடுதியில் நல்ல மனசோடு எல்லோருக்கும் கையெழுத்துப் போடுகிறவர் ஒருவர் நிச்சயம் இருப்பார், அவரிடம் போகாதீர்கள். வாக்காளர் பட்டியல் வரிசை எண்ணை வரைவுப் பட்டியலில் பார்த்து எழுதாதீர்கள், இறுதிப் பட்டியலில் எண் மாறும். எங்கள் துணைத் தலைவர் மனுவில் வழிமொழிபவர் எண் 412 என்றிருந்தது, இறுதிப் பட்டியலில் 421. மனு கொடுப்பதற்குப் பத்து நிமிடம் முன்பு கண்ணில் பட்டது. ஒயிட்னர் போடாமல் புதுப் படிவம் வாங்கி எழுதினோம். தப்பித்தது. படிவம் எப்போதும் மூன்றாக வாங்குங்கள்.

பிரச்சாரம் சிக்கலில்லாமல் போனது. கையால் எழுதிய போஸ்டர் மட்டும்தான், அதுவும் ஒதுக்கிய சுவரில். ஒலிபெருக்கி கூடாது.

ஓட்டுப் பதிவுக்கு முந்தைய இரவு நடந்த பொது விவாதத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஐந்து நிமிடப் பேச்சைவிடச் சீட்டில் வரும் கேள்விகள்தான் ஓட்டை மாற்றுகின்றன. எங்கள் இணைச் செயலாளர் வேட்பாளர் மெஸ் கணக்கை எடுத்துவந்திருந்தார். விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு மெஸ் கட்டணத் தள்ளுபடி ஏன் ஐந்து நாளுக்குக் குறைந்தால் கிடைப்பதில்லை, அதை மூன்று நாளாக்க எந்தக் கமிட்டியில் தீர்மானம் வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். சாப்பாட்டுத் தட்டோடு நின்றிருந்த பின்வரிசைகூட அமைதியானது. ஒருவர் எங்கள் வேட்பாளரின் சொந்த வாழ்க்கையைப் பற்றிக் கேள்வி அனுப்பினார். பொதுப் பணியோடு சம்பந்தமில்லாத சொந்த விஷயத்தை விமர்சிக்கக் கூடாது என்று நடத்தை விதியிலேயே இருக்கிறது. அதைச் சொன்னதும் விவாதத்தை நடத்தியவர் சீட்டை ஒதுக்கிவிட்டார். நடத்தை விதியின் அந்தப் பக்கத்தை நகலெடுத்துக் கையில் வைத்திருங்கள். எங்கள் இணைச் செயலாளர் வேட்பாளர் ஜெயித்தார்.

ஜெயித்த பிறகுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். செலவு வரம்பு ஒரு வேட்பாளருக்கு 5,000 ரூபாய். முடிவு வந்து இரண்டு வாரத்துக்குள் தணிக்கை செய்த கணக்கைக் கொடுக்க வேண்டும். வரம்பு மீறினாலோ கணக்கு வராவிட்டாலோ வெற்றியே ரத்தாகலாம். சார்ட் பேப்பர், மார்க்கர், பசை எல்லாவற்றுக்கும் வாங்கும்போதே வேட்பாளர் பெயரில் பில் போடச் சொல்லுங்கள். டீக்கடையில் பில் தரமாட்டார்கள், வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கணக்கைக் கொடுத்ததும் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் நகராதீர்கள்.

தள்ளுபடியான மனுவுக்காகக் குறைதீர்ப்புக் குழுவில் எழுதிக் கொடுத்தோம். முடிவு அறிவித்த நாளிலிருந்து மூன்று வாரம் வரை புகார் கொடுக்கலாம். விசாரணை நாளன்று அந்த மதிப்பெண் கணினியில் ஏறியிருந்தது, நூற்றுக்கு 71. பரிசீலனை நாளில் சான்றிதழ் இல்லை என்பதால் புகார் தள்ளுபடி என்று எழுதிக் கொடுத்தார்கள்.