காயிலில் கரி படிவது: ஒரு சர்க்கரை ஆலைக்காரனின் கணக்கு

சர்க்கரை ஆலையில் எவாப்பரேட்டர் பக்கம் வேலை பார்த்தவனுக்கு, வேப் எனப்படும் மின் சிகரெட்டின் காயிலில், அதாவது லிக்விடைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச் சுருளில், கரி பிடிப்பதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. அங்கே கரும்புச் சாறு குழாய்க்குள் ஏறும், வெளியே நீராவி சூடு கொடுக்கும், தண்ணீர் ஆவியாகிப் போகும். ஆவியாகாதது குழாயின் உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது தடிக்கத் தடிக்கச் சூடு உள்ளே போகாது, சாறு சுண்டாது, எல்லா வேலையும் மெதுவாகிவிடும். பிறகு ஓட்டத்தை நிறுத்தி, காஸ்டிக் சோடா கரைசல் ஊற்றிக் கொதிக்கவிட்டு, பிரஷ் விட்டுத் தேய்க்க வேண்டியதுதான். வேப் காயிலும் அதே சாதனம்தான், அளவு மட்டும் சுண்டுவிரல் நுனி. லிக்விடில் ஆவியாவது வாய்க்கு வருகிறது, ஆகாதது கம்பியில் தங்குகிறது. அதனால் “எந்தக் காயில் அதிக நாள் உழைக்கும்?” என்று யாராவது கேட்டால், “எந்த லிக்விட் ஊற்றுகிறீர்கள்?” என்றுதான் திருப்பிக் கேட்பேன்.

நான் கடலூர் பக்கத்துக்காரன். இப்போது இருப்பது தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில். ஊரைச் சுற்றிக் கரும்பு. தெருவில் நாயுடு, பிள்ளை, கவுண்டர், மூட்லி என்று ஆங்கில எழுத்தில் உருமாறிய பெயர்ப்பலகைகள். 1860-லிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகள். வீட்டில் ஆங்கிலம் பேசுவார்கள், கோயிலில் தேவாரம் பாடுவார்கள். சிகரெட்டை விடுவதற்காக வேப்புக்கு வந்தவன் நான். இதுவரை புகை பிடிக்காதவர் இதைத் தொட வேண்டிய அவசியமே இல்லை, பையன்களிடமும் அதையேதான் சொல்கிறேன். ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு இன்னொன்று: இந்தியாவில் 2019-லிருந்து இதை விற்பதும் இறக்குமதி செய்வதும் சட்டப்படி தடை. விடுமுறைக்குப் போகும்போது பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

சரி, லிக்விடுக்கு வருவோம். பாட்டிலில் பெரும்பகுதி இரண்டு திரவங்கள். ஒன்று பிஜி எனப்படும் புரோப்பிலீன் கிளைக்கால், 188 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். இன்னொன்று விஜி, அதாவது தாவரக் கிளிசரின், 290 டிகிரியில் கொதிக்கும். நிக்கோட்டினும் ஆவியாகிவிடும். சுத்தமான பிஜியும் விஜியும் மட்டும் ஊற்றி இழுத்தால் காயில் நெடுநாள் பளபளவென்று இருக்கும். கெடுப்பது இனிப்பு.

கடைகளில் விற்கும் பழ, பலகார வாசனை லிக்விடுகள் பலவற்றில் சுக்ரலோஸ் சேர்க்கிறார்கள். இதன் பூர்வீகத்தைச் சொல்லாமல் இருக்க என் தொழில் விடாது. 1976-ல் டேட் அண்ட் லைல் என்ற பிரிட்டிஷ் சர்க்கரை நிறுவனத்தின் ஆய்வாளர்களும் லண்டன் கல்லூரி ஒன்றின் ஆய்வாளர்களும் சேர்ந்து கண்டுபிடித்தது. சாதாரணச் சர்க்கரை மூலக்கூறில் மூன்று இடங்களில் குளோரினைப் பொருத்தினால் இது கிடைக்கும். சர்க்கரையைவிடச் சுமார் 600 மடங்கு இனிப்பு. காப்பியில் போட்டால் ஒரு தொல்லையும் இல்லை. காயிலில் அது ஆவியாவதில்லை. சூட்டில் சிதைந்து, கருகி, கம்பியைச் சுற்றிக் கருப்பு ஓடாக இறுகிவிடுகிறது. சிதையும்போது குளோரின் சேர்ந்த எரிச்சலூட்டும் பொருள்களும் வெளியாகின்றன. ஆகவே இனிப்பு குறைந்த லிக்விடுக்கு மாறுவது காயிலுக்கு மட்டும் நல்லதில்லை, தொண்டைக்கும் நல்லது.

நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். சுக்ரலோஸுக்கு நிறம் கிடையாது. தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கும் தர்பூசணி லிக்விட் காயிலைச் சட்டென்று கருக்கிவிடும். நிக்கோட்டின் காற்றுப் பட்டுப் பழுப்பேறிய வேறொரு பாட்டில் ஒன்றும் செய்யாமல் போகும். எனக்குத் தெரிந்த நல்ல அடையாளம் உதடுதான். இழுத்த பிறகு நாக்கால் உதட்டைத் தொட்டால் மிட்டாய் சப்பியதுபோல் இனிக்கிறதா? அதில் இனிப்பு ஊற்றியிருக்கிறார்கள். மெந்தால், இனிப்பில்லாத எலுமிச்சை, வெறும் புதினா இவையெல்லாம் காயிலை அதிகம் படுத்துவதில்லை. கஸ்டர்ட், கேரமல், சாக்லேட், இலைச் சாறு எடுத்துச் செய்த புகையிலை வகை எல்லாம் படுத்தும். இவற்றில் இனிப்பு சேர்க்காவிட்டாலும் ஆவியாகாத கனமான பொருள்கள் நிறைய உண்டு.

பக்கத்து வீட்டு அங்கிளுக்கு மில்க் டார்ட் வாசனைதான் வேண்டும். இங்கே பாலும் முட்டையும் சேர்த்து, மேலே பட்டைத் தூள் தூவிச் செய்யும் பலகாரம் அது. “அங்கிள், இதுதான் உங்க காயிலைத் தின்னுது” என்றால், “தம்பி, அப்போ நான் மூச்சுக்காத்தையே இழுக்கலாமே, அதுக்கு மெஷின் எதுக்கு?” என்பார். நியாயமான கேள்வி. அவருக்கு நான் சொன்ன வழி, அதே மில்க் டார்ட்டில் பாதிக்குப் பாதி வாசனையில்லாத லிக்விட் கலப்பது. விஜி விகிதமும் நிக்கோட்டின் அளவும் இரண்டிலும் ஒத்துப்போக வேண்டும். இனிப்பு பாதியாகிவிடும், கரியும் அதற்கேற்பக் குறையும். வாசனை கொஞ்சம் மங்கும், ஓரிரு நாளில் பழகிவிடும்.

அடுத்தது சூடு. ஒவ்வொரு காயிலின் உடம்பிலும் வாட் வரம்பு அச்சடித்திருப்பார்கள். அதன் மேல் எல்லையில் ஓட்டுவது பலருக்குப் பழக்கம், புகை அடர்த்தியாக வரும் என்பதால். நான் கீழ் எல்லையிலிருந்து தொடங்கி, வாசனை நன்றாகத் தெரியும் இடத்தில் நிறுத்திவிடுவேன். அதற்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு வாட்டும் இனிப்பைக் கருக்கத்தான் உதவும். புதுக் காயில் போட்டதும் முதல் டேங்க் (லிக்விட் நிரப்பும் குப்பி) முழுக்கக் குறைந்த வாட்டிலேயே ஓட்டுவது நல்லது.

சூட்டைவிட முக்கியம், லிக்விடை உறிஞ்சிக் கம்பிக்குக் கொடுக்கும் பஞ்சு நனைந்திருப்பது. ஈரம் இருக்கும்வரை கம்பியின் வெப்பம் திரவம் கொதிக்கும் அளவோடு நிற்கும். ஈரம் போனால் வெப்பம் தடையில்லாமல் ஏறும், பஞ்சே தீயும். தீய்ந்த பஞ்சு திரும்பாது, தொண்டையைக் கிழிக்கும் அந்தச் சுவை கடைசிவரை கூடவே வரும். அதனால் புதுக் காயிலைப் பொருத்துவதற்கு முன் பக்கவாட்டு ஓட்டைகளிலும் உள்ளே தெரியும் பஞ்சிலும் சில சொட்டு விட்டு, டேங்கை நிரப்பிய பிறகு பத்து நிமிடம் போல் சும்மா வைக்க வேண்டும். இழுப்புக்கு இழுப்பு கொஞ்சம் இடைவெளி விட வேண்டும், பஞ்சு மறுபடி குடிக்க நேரம் வேண்டாமா? டேங்கில் லிக்விட் ஓட்டை மட்டத்துக்குக் கீழே இறங்கும் முன் நிரப்பிவிட வேண்டும்.

கெட்டித் தன்மையும் பார்க்க வேண்டும். எழுபது சதவீதம் விஜி உள்ள லிக்விட் பெரிய ஓட்டைகள் உள்ள சப்-ஓம் (மின்தடை ஒரு ஓமுக்குக் குறைந்த) காயில்களுக்கானது. அதைப் ‘பாட்’ எனப்படும் கைக்கடக்கமான சின்ன வேப்பில், ஒரு ஓம் காயிலில் ஊற்றினால் பஞ்சுக்குள் ஊர்ந்து போய்ச் சேருவதற்குள் நீங்கள் மூன்று தடவை இழுத்திருப்பீர்கள். பாடுக்கு ஐம்பதுக்கு ஐம்பது போதும்.

குளிர் இதை இன்னும் மோசமாக்கும். டர்பன் கடற்கரையில், இங்கே குளிர்காலமான ஜூலை மாதத்திலும் ஸ்வெட்டர் தேவைப்படாத நாள்கள் உண்டு. ஜோகன்னஸ்பர்க் போனால் கதை வேறு. அங்கே குளிர்கால விடிகாலையில் விஜி தேன் பதத்துக்குப் போய்விடும். இரவு முழுக்க காரில் கிடந்த வேப்பை எடுத்து அப்படியே அழுத்தினால் முதல் இழுப்பே வறட்சி. கொஞ்ச நேரம் சட்டைப்பைக்குள் வைத்துச் சூடேறவிட்டு இழுக்கலாம். போகிற வழியில் இன்னொரு தொல்லை: டர்பன் கடல் மட்டம், ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,700 மீட்டர் உயரம். என்3 சாலையில் வான் ரீனன்ஸ் கணவாய் ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது, டேங்குக்குள் இருக்கும் காற்று விரிகிறது, லிக்விடைக் காயிலுக்குள் தள்ளுகிறது. கொளகொளவென்று சத்தம் வரும். உடனே வாட்டை ஏற்றி அதை “எரித்து”த் தள்ளப் பார்ப்பார்கள். தேங்கி நிற்கும் இனிப்பு மொத்தமும் அப்போதுதான் கம்பியில் கருகும். டிஷ்யூ பேப்பரை வைத்துக்கொண்டு ஊதி வெளியேற்றுவது போதும். கிளம்பும்போது டேங்கில் காற்றுக்கு அதிக இடமில்லாமல் நிரப்பி, காற்றுத் துளையை மூடி, நிமிர்த்தி வைத்தால் இந்தப் பிரச்சினை பாதிக்கு மேல் குறையும்.

இந்த ஊருக்கே உரிய ஒரு விஷயமும் உண்டு. இங்குள்ள தமிழர்கள் புரட்டாசியை விடமாட்டார்கள். மாதம் முழுக்கக் கறி கிடையாது, மது கிடையாது, பலருக்குப் புகையும் கிடையாது. அங்கிள் புரட்டாசி பிறப்பதற்கு முதல் நாள் இரவு கடைசி இழுப்பு இழுத்து, வேப்பை அலமாரியில் வைத்துவிடுவார். பாதி நிரம்பிய டேங்கோடு அப்படியே வைத்தால் மாதம் முழுக்கப் பஞ்சு ஊறி, லிக்விட் கருத்து, முதல் இழுப்பே மிளகு போட்ட பழைய எண்ணெய் மாதிரி இருக்கும். இப்படி நீண்ட இடைவெளி வருமென்றால் டேங்கைக் காலி செய்து, வெந்நீரில் கழுவி, காயவைத்து, பழைய காயிலைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். ஐப்பசியில் புதுக் காயில். தைப்பூசக் காவடிக்கு இருக்கும் பத்து நாள் விரதத்துக்கு இவ்வளவு வேண்டாம், காலி செய்து வைத்தாலே போதும்.

படிந்த கரியைக் கழுவலாமா என்பதற்கு, காயில் எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்துத்தான் பதில். 2020 ஊரடங்கில் மார்ச் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை தென்னாப்பிரிக்காவில் சிகரெட்டோடு சேர்த்து வேப் சாமான் விற்பனைக்கும் தடை. காயில் கிடைக்காத அந்த மாதங்களில் நாங்கள் எல்லோரும் காயில் கழுவும் நிபுணர்களாகிவிட்டோம். கடையில் வாங்கும் மூடிய காயிலை வெந்நீரில் பலமுறை அலசி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்து, மறுபடி அலசி, இரண்டு நாள் முழுக்கக் காயவைத்தால் ஒட்டுப் பிசுக்கு போகும், வாசனை கொஞ்சம் திரும்பும். இறுகிய கரி போகாது, தீய்ந்த பஞ்சு பஞ்சாகாது. ஆல்கஹால் முழுக்கக் காயாமல் பட்டனை அழுத்துவது ஆபத்து, சொல்லித்தான் ஆக வேண்டும். புதுக் காயில் கடையில் கிடைக்கும்போது இத்தனை பாடு தேவையா என்றால், என் கருத்தில் தேவையில்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இங்கே குடிநீர் நிலையம் சேதமாகி மாதக்கணக்கில் குழாய் வறண்டிருந்தபோது ஒரு காயிலுக்காக ஒரு குடம் தண்ணீரைச் செலவழிக்க யாருக்கும் மனம் வரவில்லை.

நீங்களே கம்பி சுற்றிப் பஞ்சு வைக்கும் ஆர்டிஏ வகை என்றால் கதை வேறு. பஞ்சை முழுக்க உருவி எடுத்த பிறகு, காந்தல் (Kanthal என்ற உலோகக் கலவை) அல்லது நைக்ரோம் கம்பியைக் குறைந்த வாட்டில் விட்டுவிட்டுச் சூடேற்றினால் கரி பொரிந்து சாம்பலாகும். மங்கலாகச் சிவந்தால் போதும், ஜொலிக்க வேண்டாம். ஆறியதும் பேட்டரியிலிருந்து கழற்றி, தண்ணீரில் காட்டி, மெல்லிய பிரஷால் தேய்த்து, உலர்த்தி, ஓம் அளவு மாறாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புதுப் பஞ்சு வைக்கலாம். ஸ்டீல் கம்பிக்கு இதை நான் செய்வதில்லை. டைட்டானியம், நிக்கல் கம்பிகளைச் சிவக்கச் சூடேற்றவே கூடாது. சில சுத்தத்துக்குப் பிறகு கம்பியையும் மாற்றிவிடுங்கள், அது மலிவுதான்.

பஞ்சு வைப்பதில் கை பழக வேண்டும். சுருளுக்குள் இழுக்கும்போது லேசாகப் பிடிப்பு தெரிய வேண்டும், கம்பி வளையக் கூடாது. இறுக்கினால் திரவம் நடுப்பகுதிக்கு வராது, அங்கேதான் முதலில் கருகும். தொளதொளவென்றால் ஒழுகும். வால் முனைகளைச் சீப்பி மெலிதாக்கி, திரவம் வரும் வாய்க்காலை மூடாமல் தொட்டுக்கொண்டு இருக்கும்படி விடுங்கள்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. 2023 ஜூன் 1 முதல் இங்கே லிக்விடுக்கு மில்லிக்குச் சுமார் 2.90 ராண்ட் கலால் வரி போட்டார்கள், நிக்கோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அப்போதைய கணக்கில் 60 மில்லி பாட்டிலில் வரி மட்டும் 174 ராண்ட். இவ்வளவு கொடுத்து வாங்கியதைக் கரியாக்கி, அந்தக் கரிக்காக இன்னொரு காயிலும் வாங்குவது எனக்குக் கட்டுப்படியாகவில்லை. விலை உயர்ந்த காயிலைத் தேடுவதைவிட இனிப்பு குறைந்த பாட்டிலைத் தேடுவதில்தான் பணம் மிஞ்சுகிறது.

கழற்றிய பஞ்சையும் பழைய காயிலையும் திறந்த குப்பைக் கூடையில் போடாதீர்கள். அதில் நிக்கோட்டின் ஊறியிருக்கிறது. குழந்தையோ நாயோ வாயில் வைத்தால் விஷம். நான் மூடியுள்ள பழைய ஊறுகாய்ப் பாட்டிலில் சேர்த்து, நிரம்பியதும் இறுக்கி மூடிப் போடுகிறேன்.