இரவு பத்து மணிக்குப் போட்ட வீடியோ

கடலூரில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டுக்குக் கரிம வேதியியல் எடுக்கிறேன். அதில் ஸ்டீரியோகெமிஸ்ட்ரி, அதாவது மூலக்கூறில் அணுக்கள் முப்பரிமாணத்தில் எப்படி அமைந்திருக்கின்றன என்ற பகுதி, வந்தாலே பிள்ளைகள் முகம் வாடிவிடும். லாக்டிக் அமிலத்தின் இரண்டு வடிவங்களும் இடது கை, வலது கை மாதிரி. ஆனால் பலகையில் எப்படி வரைந்தாலும் படம் தட்டையாகத்தான் நிற்கும். அதனால் 2024 ஜூலையில் அந்த ஒரு யூனிட்டை மட்டும் கொஞ்சம் இணைய வழியிலும் மீதி வகுப்பிலுமாக, கலப்பு முறையில் நடத்த முடிவு செய்தேன். பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் வெளியிட்ட கலப்புக் கற்றல் குறிப்பிலேயே, ஒரு பாடத்தில் 40 சதவீதம் வரை இணைய வழியில் நடத்தலாம் என்று இருக்கிறது. எனக்கு அவ்வளவு தேவைப்படவில்லை.

முதல் வாரம் 42 நிமிடப் பாடம் ஒன்றைப் பதிவு செய்து, இரவு பத்து மணிக்கு கூகுள் கிளாஸ்ரூமில் போட்டேன். மறுநாள் கேட்டபோது 54 பேரில் 11 பேர்தான் பார்த்திருந்தார்கள். கோபம் வந்தது உண்மை. காரணம் தெரிய வேண்டுமென்று கூகுள் ஃபார்ம் தயாரித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உறைத்தது, போன் இல்லாத பிள்ளை அந்த ஃபார்மை எப்படி நிரப்பும்? சரி என்று ஆளுக்கு அரைத்தாள் கொடுத்து எழுதச் சொன்னேன்.

அந்த அரைத்தாள்கள்தான் எனக்குப் பாடம் எடுத்தன. தேவனாம்பட்டினத்து மாணவி ஒருத்தி எழுதியிருந்தாள்: "எங்க வீட்டில் ஒரே போன் மிஸ். அப்பா விடியற்காலம் கடலுக்குப் போகும்போது எடுத்துக்கிட்டுப் போயிடுவார்." பண்ருட்டிப் பக்கத்துப் பையன் ஒருவனுக்கு ராத்திரிக்குள் அன்றைய டேட்டா தீர்ந்துவிடும். நான் பத்து மணிக்குப் போட்டது யாருக்காக?

அப்புறம் எல்லாவற்றையும் மாற்றினேன். ஒரு வீடியோவுக்கு ஒரே கருத்து, ஆறேழு நிமிடம், 360பி தரம். தென்னை ஈர்க்கையும் கலர் களிமண்ணையும் வைத்து மூலக்கூறு செய்து, அதைக் கையில் சுழற்றிக் காட்டிப் படம் பிடித்தேன். முகம் தெரியத் தேவையில்லை, கை தெரிந்தால் போதும். மதியம் மூன்று மணிக்கு, பிள்ளைகள் பஸ் ஏறுவதற்கு முன் வகுப்பிலேயே கொடுத்தேன். ஒருவர் போனிலிருந்து அடுத்தவருக்கு புளூடூத்தில் போய்விடும், டேட்டா செலவில்லை. போன் இல்லாதவர்கள் பார்க்கத் துறை ஆய்வகத்தில் ஒரு கணினியைத் திறந்துவைத்தோம்.

மறுநாள் வகுப்பில் நான் விரிவுரை எடுப்பதில்லை. நான்கு பேருக்கு ஒரு குழு, கையில் களிமண், பலகையில் ஐந்து கணக்கு. இடது கை, வலது கை மாதிரியான இரண்டு வடிவங்களில் எது ஆர், எது எஸ் என்று அவர்களே சண்டை போட்டு முடிவுக்கு வர வேண்டும். இந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் இத்தனை வீடியோவும். பல ஆசிரியர்கள் வீடியோ எடுப்பதில் எல்லாச் சக்தியையும் செலவழித்துவிட்டு, மிச்சமாகும் வகுப்பு நேரத்தில் அதே பாடத்தைத் திரும்பச் சொல்கிறார்கள். அப்படியானால் பிள்ளை ஏன் முதல் நாளே பார்க்க வேண்டும்?

எல்லாவற்றையும் நாமே தயாரிக்க வேண்டியதில்லை. பப்கெம் என்ற வேதிப்பொருள் தகவல் தளத்தில் மூலக்கூறின் முப்பரிமாண வடிவத்தை விரலால் திருப்பிப் பார்க்கலாம், இலவசம். செய்முறைக்கு முன்னோட்டமாக விர்ச்சுவல் லேப்ஸ் என்ற இணைய ஆய்வகத் தளம் உதவும். ஐஐடி பேராசிரியர்களின் என்பிடெல் இணைய விரிவுரைகளை முதலில் எனக்காகக் கேட்டேன். ஐஐடி வேகத்து ஆங்கிலத்தை அப்படியே கொடுத்தால் தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளை மிரண்டுவிடும். தேவையான பத்து நிமிடம் எங்கே தொடங்குகிறது என்று குறித்துக் கொடுப்பேன். கூகுள் ஃபார்ம் வினாக்களில் தவறான விடை ஒவ்வொன்றுக்கும் ஏன் தவறு என்று இரண்டு வரி தமிழில் எழுதினேன். மதிப்பெண்ணை விட அந்த இரண்டு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்ததாகச் சொன்னார்கள்.

நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்து தென்பெண்ணையாற்றில் வெள்ளம். செமஸ்டர் தேர்வு நேரம். பல வீடுகளில் மின்சாரம் இல்லை, சார்ஜ் இல்லை. கூகுள் கிளாஸ்ரூமில் இருந்த எதையும் பிள்ளைகளால் திறக்க முடியவில்லை. கல்லூரி திறந்ததும் முதல் வேலையாக, வீடியோவில் இருந்த படங்களையும் கணக்குகளையும் பன்னிரண்டு பக்கமாக ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன்.

இப்போது ஒவ்வொரு யூனிட் தொடங்கும்போதும் அந்தப் பன்னிரண்டு பக்கத்தைத்தான் முதலில் தயார் செய்கிறேன். வீடியோ அதற்குப் பிறகு.