ஜிப்ஸியின் இடக்கதவு: ஏற்காட்டு நாட்குறிப்பு

27-12-2025, சனி

சேலத்திலிருந்து ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டியதும், எங்கள் பழைய மாருதி ஜிப்ஸியின் இடக்கதவு மேல்மூலை வழியாகப் பனிக்காற்று நேரே உள்ளே வருகிறது. அந்த இருக்கையில்தான் அம்மா உட்காருவார். இன்று மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியெல்லாம் அவர் முந்தானையைக் காதோடு சேர்த்துப் பிடித்திருந்தார். இனியும் இதைத் தள்ளிப்போட மனம் வரவில்லை.

கடந்த மழைக்காலத்தில், கடையில் இருந்தவற்றுள் மிகத் தடித்த பீடிங்கை (கதவு விளிம்பில் காற்றை அடைக்கும் ரப்பர் பட்டை) வாங்கி ஒட்டினேன். அது தவறு. காற்று நிற்காததோடு, ரப்பர் கதவை வெளியே தள்ளுவதால் லாக் முழுதாக இறங்காமல் முதல் சொடுக்கிலேயே நின்றுவிடுகிறது. மலைப்பாதையில் இது ஆபத்தானது.

28-12-2025, ஞாயிறு

பீடிங்கைப் பிய்த்தெடுத்துவிட்டு அளந்தேன். கதவின் பின்விளிம்பில் இடைவெளி மேலே 3 மி.மீ., கீழே 7 மி.மீ.; அதாவது கதவு பின்பக்கம் சரிந்திருக்கிறது. இந்த வண்டியில் ஏணி வடிவச் சேசிஸின் (அடிச்சட்டத்தின்) மேல் ரப்பர் கட்டைகளை வைத்துத்தான் பாடியைப் பொருத்தியிருக்கிறார்கள்; அவற்றில் ஒன்று அமுங்கினாலும் கதவு வாசல் கோணிவிடும் என்பதால் முதலில் அவற்றைப் பார்த்தேன். எல்லாம் நன்றாகவே இருந்தன. பிறகு கதவைத் திறந்து, பின்முனையைப் பிடித்து மேலே தூக்கியபோது மேல்கீல் 'டக்' என்று ஆடியது, கீழ்க்கீல் அசையவில்லை. உயரமான வண்டி என்பதால் ஏறுகிறவர்கள் எல்லாரும் கதவைப் பிடித்துத் தொங்கித்தான் ஏறுகிறார்கள். அத்தனை பாரத்தையும் இழுவையாகத் தாங்கியது அந்த மேல்கீல்தான்.

03-01-2026, சனி

சேலத்தில் டிங்கர் அண்ணனிடம் வண்டியை விட்டேன். வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ரப்பரை நம்பாதீங்க, கதவு முதல்ல தன் இடத்துல உக்காரணும்" என்றார். கழற்றுவதற்கு முன் கீலைச் சுற்றிக் கோடு கீறிக்கொண்டார். கழற்றியதும், கீலின் இரு பாகங்களையும் கோக்கும் 'பின்' (ஆணி) நடுவில் இடுப்புச் சிறுத்துத் தேய்ந்திருந்தது தெரிந்தது. லேத்தில் கீல் துளையைப் பெரிதாக்கிப் 'புஷ்' எனும் உலோகக் குழலை அடித்து, புதுப் 'பின்' கடைந்து போட்டார்கள்.

அவர் செய்ததில் என்னை மிகவும் கவர்ந்தது, கதவு வாசல் தூணில் இருக்கும் லாக் கொக்கியை முதலிலேயே கழற்றி வைத்ததுதான். கொக்கி இருந்தால் மூடும்போது அதுவே கதவைத் தூக்கிப் பிடித்து, கீலில் உள்ள பிழையை மறைத்துவிடுமாம். கொக்கி இல்லாமலே நான்கு பக்கமும் இடைவெளி ஒத்துவந்த பிறகுதான் அதை மறுபடி மாட்டி, லாக் இரண்டாம் சொடுக்கு வரை இறங்கும்படி நகர்த்தி முறுக்கினார்.

04-01-2026, ஞாயிறு

தடித்ததற்கு முன் இருந்த பழைய அளவிலேயே புதுப் பீடிங் ஒட்டி, அதன் மேல் சாக்பீஸ் பொடி தடவிக் கதவை மூடித் திறந்தேன். சுற்றிலும் வெள்ளைக் கோடு படிந்திருக்க, கண்ணாடிச் சட்டத்தின் மேல்மூலையில் மட்டும் ஒரு சாண் நீளத்துக்குப் பதியவில்லை. அந்த இடத்தில் தாளை வைத்துக் கதவை மூடி இழுத்தால் தடையின்றி வழுக்கிக்கொண்டு வந்தது. தடித்த ரப்பர் இத்தனை மாதம் தள்ளியதில் சட்டமே வெளியே வளைந்திருக்க வேண்டும். கதவின் நடுப்பகுதியில் துணி சுற்றிய மரக்கட்டையை இடையில் வைத்து, சட்டத்தின் மேல்பகுதியை உள்ளங்கையால் சிறிது சிறிதாக உள்நோக்கி அழுத்தினேன். ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பின்னும் தாளை வைத்து இழுத்துப் பார்த்தேன். நான்காம் முறை தாள் பிடித்துக்கொண்டது.

மாலையில் குழாய்த் தண்ணீரைக் கீழிருந்து மேலாகப் பீய்ச்சினேன். உள்ளே ஈரம் இல்லை. கதவின் அடியில் நீர் வடியும் துளைகள் மண்ணால் அடைத்திருந்தன. கம்பியால் குத்தித் திறந்துவிட்டேன்.

10-01-2026, சனி

அம்மாவோடு சேலம் போய்த் திரும்பினேன். இறங்கும்போதும் ஏறும்போதும் கதவைப் பிடிக்க வேண்டாம் என்று, ஒரு சிறு மர முக்காலியை வண்டியிலேயே வைத்திருக்கிறேன். மேல் வளைவுகளில் பனிமூட்டம் அடர்ந்திருந்தது. வீடு வந்து சேரும்வரை அம்மாவின் முந்தானை தோளிலேயே இருந்தது.