தொப்பூர் ஏற்றத்தில் திணறும் ரோட்கிங்

ஜூன் 1, 2025, ஞாயிறு

பழைய யெஸ்டி ரோட்கிங் பைக் ரீஸ்டோர் பட்டறையிலிருந்து வந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. பெயின்ட், குரோம், சீட், போர் எல்லாம் புதுசு. தருமபுரி டவுனுக்குள் ஓட்டினால் ஒரு குறையும் சொல்ல முடியாது. இன்று தொப்பூர் கணவாயில் இறங்கிவிட்டுத் திரும்பி ஏறும்போது பாதி வழியில் இழுவை போய்விட்டது. நாலாவது கியரில் அறுபதில் வந்த வண்டி ஐம்பது, நாற்பது என்று இறங்கியது. மூன்றாவது போட்டும் தேறவில்லை. பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரனிலேயே திட்டித் தீர்த்தார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை, அந்த ரோட்டில் வேகமாகப் போவது ஒரு ஆபத்து என்றால் திடீரென்று மெதுவாவது இன்னொரு ஆபத்து.

ஓரம் கட்டிக் கொஞ்ச நேரம் நிறுத்தினேன். அப்புறம் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகி, வீடு வரை ஒழுங்காக வந்தது.

மறக்காமல் எழுதிவைக்க வேண்டியது: வண்டி விக்கவில்லை, இருமவில்லை, சைலன்சரில் வெடிக்கவும் இல்லை. முழு ஆக்சிலரேட்டரிலும் சத்தம் மட்டும் கனத்துக்கொண்டே போனது, வேகம் ஏறவில்லை. பிளக்கில் நெருப்பு விட்டுவிட்டு வந்தால் இப்படி அமைதியாக அடங்காது.

ஜூன் 3, செவ்வாய்

சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். வண்டி அவருடையது. பாலக்கோட்டிலிருந்து தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு இரண்டு பக்கமும் கூட்டு மூட்டை கட்டி இதில்தான் வருவார். “பாயிண்டைப் பாருடா, வேற ஒண்ணும் இருக்காது” என்றார். யெஸ்டி வைத்திருந்த எவரும் முதலில் சொல்லும் வைத்தியம் இதுதான். பிளக்கில் நெருப்பு வரும் நேரத்தைத் திறந்து மூடித் தீர்மானிக்கும் சின்ன சுவிட்ச்தான் பாயிண்ட்.

மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி 1961 முதல் வண்டி செய்தது. ரோட்கிங் 1978இல் வந்தது. 1996இல் கம்பெனியே மூடியாயிற்று. 248.5 சிசி, ஒரே சிலிண்டர், ஆனால் இரண்டு சைலன்சர். கியர் போடும் லீவரே கிக்கர். 16 குதிரைத்திறன் என்று இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் ஆளும் மூட்டையுமாகத் தொப்பூர் ஏற அதுவே போதுமாக இருந்தது என்பதற்குச் சித்தப்பா சாட்சி. இன்று என் ஒருவனை இழுக்கத் திணறுகிறது என்றால், உள்ளே ஏதோ தப்பு.

ஜூன் 5, வியாழன்

ஆபீஸ் விட்டு வந்து, கைக்கு எட்டியதை எல்லாம் பார்த்து முடித்தேன்.

பெட்ரோல் வரத்து: கார்புரேட்டர் பக்கத்தில் டியூபைக் கழற்றித் தண்ணீர் பாட்டிலில் பிடித்தேன். இந்த இன்ஜின் முழு ஆக்சிலரேட்டரில் நிமிடத்துக்கு நூற்றுச் சொச்சம் மில்லிதான் குடிக்கும். அரை லிட்டர் பாட்டில் இரண்டு நிமிடத்துக்குள் நிரம்பியது, அதனால் இது இல்லை. டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தால் போகப்போகப் பெட்ரோல் நிற்கும், மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று காற்று இழுக்கும். தொப்பூரிலேயே திறந்து பார்த்தேன், அப்படி எதுவும் இல்லை. பிரேக் பிடித்துக்கொண்டே ஓடியிருந்தால் வீல் டிரம் சுட்டிருக்கும், அதுவும் சுடவில்லை. கிளட்ச் வழுக்கினால் இன்ஜின் தனியாக ரேஸ் ஆகும். இங்கே இன்ஜினே சேர்ந்து அடங்குகிறது.

மிச்சம் இருப்பவை நெருப்பு, சைலன்சர், கலவை, பிஸ்டன்.

ஜூன் 8, ஞாயிறு

நேற்று பக்ரீத். மெக்கானிக் பாய் பட்டறை இரண்டு நாளும் லீவு. பிரியாணி மட்டும் வீடு தேடி வந்தது.

சும்மா இருப்பானேன் என்று சைலன்சரில் இறங்கினேன். டூ-ஸ்ட்ரோக் வண்டியில் சைலன்சர் வெறும் சத்தம் அடக்கும் குழாய் இல்லை, புகை போகிற வழி அடைத்தால் புதுக் கலவை உள்ளே வர இடம் கிடைக்காது. பின் முனையைக் கழற்றி, உள்ளே சத்தம் அடக்கும் துளை போட்ட குச்சியை இழுத்தால் வலது பக்கம் சுலபமாக வந்தது. இடது பக்கம் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, இடுக்கியால் பிடித்து ஆட்டியபின்தான் அசைந்தது. துளைகளில் பாதி கரி மூடிக் கிடந்தது. வெளியே கண்ணாடி போலக் குரோம் ஏற்றிய பட்டறைக்காரர்கள் உள்ளே குச்சியைத் தொடவே இல்லை. இந்த வண்டியில் இன்னும் எங்கெல்லாம் இப்படி இருக்குமோ என்று அப்போதே ஒரு சந்தேகம் தட்டியது.

கொட்டாங்கச்சித் தீயில் போட்டுப் பழுக்கக் காய்ச்சித் தட்டினேன். கரி செதில் செதிலாக உதிர்ந்தது. பென்னாகரம் ரோட்டில் ஒரு சுற்று போனேன். பிக்கப் நன்றாகவே கூடியிருக்கிறது. ஆனால் வேகமாக இருபது நிமிடம் ஓடியதும் பழைய கதை.

ஜூன் 11, புதன்

பாயிடம் போனேன். சித்தப்பா சொன்னதையே அவரும் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டு அவராகவே, “இது பாயிண்ட் நோய் மாதிரி தெரியலை தம்பி, ஆனாலும் பார்த்துடுவோம், இல்லைன்னா ராத்திரி தூக்கம் வராது” என்றார்.

பாயிண்ட் இடைவெளி 0.4 மில்லிமீட்டர், சரியாகத்தான் இருந்தது. பாயிண்டில் பொறி பறக்காமல் காக்கும் கண்டன்சர் கெட்டால் பாயிண்ட் முகம் குழி விழுந்து கருகும், இது சுத்தமாக இருந்தது. இருந்தும் தன் பெட்டியிலிருந்து ஒரு பழைய கண்டன்சரை எடுத்து வெளியே கட்டி ஓட்டிப் பார்க்கச் சொன்னார். புது கண்டன்சர் மேல் அவருக்கு நம்பிக்கையே கிடையாது, ஓடிய வண்டியில் கழற்றியதுதான் வேண்டும். ஓட்டினேன், ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் பாயிண்ட் கவருக்குள் லேசாக எண்ணெய்ப் பிசுக்கு இருப்பதைத் துணியால் துடைத்துக்கொண்டே இரண்டு தடவை பார்த்தார். அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

இனித் தொப்பூரில் சோதனை வேண்டாம். வத்தல்மலை போனேன். லாரித் தொல்லை இல்லாத ஏற்றம், வளைவுக்கு வளைவு இரண்டாவது கியர், இன்ஜின் நன்றாகச் சூடாகும். புது பிளக் போட்டுக்கொண்டு அடிவாரத்திலிருந்து ஏறினேன். இழுவை போன இடத்தில் ஆக்சிலரேட்டரைக் குறைக்காமல் அப்படியே கிளட்சைப் பிடித்துச் சாவியை அணைத்து நின்றேன். இப்படி நிறுத்தினால்தான் அந்த நேரத்துக் கலவையின் நிறம் பிளக்கில் தங்கும். ஸ்லோவில், அதாவது ஆக்சிலரேட்டரை விட்ட மெது ஓட்டத்தில், விட்டு அணைத்தால் ஸ்லோவின் நிறத்தைத்தான் பார்ப்போம்.

பிளக் வெள்ளை வெளேரென்று இருந்தது. பெட்ரோல் போதவில்லை அல்லது காற்று அதிகம். ஆனால் பெட்ரோல் வரத்து சரி என்று முன்பே அளந்தாயிற்று.

இன்னொன்றும் கவனித்தேன். ஆறியபோது ஒழுங்காக ஸ்லோ நிற்கும் வண்டி, சூட்டில் ஆக்சிலரேட்டரை விட்டாலும் உடனே இறங்காமல் கொஞ்ச நேரம் ரேஸிலேயே நின்று பிறகுதான் இறங்குகிறது. எங்கிருந்தோ திருட்டுக் காற்று வருகிறது.

மேலே ஒரு கடையில் டீ குடித்தேன். கடைக்காரர், “ஆயில் கொஞ்சம் சேர்த்து ஊத்துங்க, சூடு குறையும்” என்றார். எல்லாரும் சொல்வதுதான். டூ-ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலிலேயே ஆயில் கலக்க வேண்டும், லிட்டருக்கு 40 மில்லி டூ-டி ஆயில் ஊற்றுகிறேன். அதைக் கூட்டினால் கார்புரேட்டரின் ஜெட் துளை வழியே போகிற அதே அளவில் பெட்ரோலின் பங்கு குறையும், கலவை இன்னும் வறளும். விளக்க ஆரம்பித்தால் டீ ஆறிவிடும் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

சைலன்சர் பைப்பைக் கழற்றி, புகை வெளியேறும் போர்ட் வழியே டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பார்த்தேன். மெலிசாக நெடுக்குக் கோடுகள். இன்னும் சீஸ் ஆகவில்லை, அதாவது சிலிண்டரில் இறுகிப் பிடிக்கவில்லை, ஆனால் போகிற வழி அதுதான். சரி செய்யும்வரை வண்டி தெருமுனையைத் தாண்டாது.

ஜூன் 21, சனி

கண்டுபிடித்தாயிற்று. விவரமாக எழுதுகிறேன்.

டூ-ஸ்ட்ரோக்கில் கலவை முதலில் பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க் இருக்கும் அறைக்குள்தான் வருகிறது. பிஸ்டன் ஏறும்போது அந்த அறை இழுக்கும், இறங்கும்போது அழுத்தும். கிராங்க் வெளியே நீட்டும் இரண்டு பக்கமும் ரப்பர் ஆயில் சீல் உண்டு. யெஸ்டியில் இடது பக்க சீல் போனால் கிளட்ச் பக்கத்து ஆயிலை உறிஞ்சும், வெள்ளைப் புகை ஊரைக் கூட்டும். வலது பக்கம் டைனமோ, அங்கே ஆயில் கிடையாது. சீல் போனால் வெறும் காற்றைத்தான் உறிஞ்சும், வெளியே ஒரு அடையாளமும் தெரியாது. பாய் துடைத்துத் துடைத்துப் பார்த்த அந்தப் பிசுக்கு ஒன்றுதான் தடயம். உறிஞ்சும் ஓட்டை அழுத்தும்போது கொஞ்சம் வெளியிலும் துப்புமல்லவா.

சந்தேகத்தை நிரூபிக்க பாய் செய்த வேலை அருமை. வண்டியைச் சூடு ஏறும்வரை ஓட்டி நிறுத்தினோம். கார்புரேட்டரையும் டைனமோவையும் பையன் மளமளவென்று கழற்றினான். இரண்டு சைலன்சர் போர்ட்டையும் சைக்கிள் டியூப் ரப்பரும் மரக்கட்டையும் வைத்து இறுக்கி அடைத்தார்கள். கார்புரேட்டர் இருந்த இடத்தில் தகட்டை வைத்து, அதில் ஒட்டிய குழாயில் எங்கள் வீட்டுப் பழைய பிபி கருவியின் டியூபைச் செருகினார் பாய். டாக்டர்கள் கையில் பட்டையைச் சுற்றிப் பம்ப் அடிப்பார்களே, அதே கருவி. அதன் கடைசி அளவு 300 என்பது ஆறு பிஎஸ்ஐக்குச் சற்றுக் குறைவு, இந்தச் சோதனைக்கு அளந்து வைத்த மாதிரி. பல்பை அமுக்க அமுக்க முள் 250 வரை ஏறியது. கையை எடுத்ததும் சரசரவென்று இறங்கியது. நல்ல இன்ஜினில் முள் அசைவது தெரியவே தெரியாது.

ஷாம்பு கரைத்த தண்ணீரைப் பிரஷ்ஷில் தொட்டு முதலில் ஹெட்டைச் சுற்றி, பிறகு சிலிண்டர் அடியில், பிறகு போர்ட் அடைப்புகளில் தடவினார். ஒரு குமிழும் வரவில்லை. டைனமோ பக்கம் ஷாஃப்டைச் சுற்றித் தொட்டதும் நுரை பொங்கி வழிந்தது. பையன் சிரித்துவிட்டான். அரை மணி நேரம் ஆறவிட்டு மறுபடி அடித்தோம். குமிழ் வந்தது, ஆனால் ஒவ்வொன்றாக, நிதானமாக. ஊருக்குள் குறை தெரியாததும், ஓய்வு கொடுத்தால் உயிர் வருவதும் இதனால்தான். பிடித்து ஷாஃப்டை ஆட்டிப் பார்த்தார், பேரிங்கில் ஆட்டம் இல்லை. பெரிய செலவு தப்பியது.

வருஷக்கணக்கில் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் நின்ற வண்டி. ரப்பர் காய்ந்து கல்லாகிவிட்டது. போர் செய்து புது பிஸ்டன் போட்டவர்கள், டைனமோவைக் கழற்றி அலுமினியத்துக்கு பாலிஷும் போட்டிருக்கிறார்கள், அதன் பின்னால் இருந்த சீலை மட்டும் விட்டுவிட்டார்கள். ரீஸ்டோர் பில்லில் குரோமுக்கு மட்டும் எத்தனை வரி!

ஜூன் 24, செவ்வாய்

ஓசூர் போன வேலையோடு பேரிங் கடையில் பழைய சீலைக் காட்டி அளவு பார்த்து வாங்கினேன். சாதா ரப்பர் வேண்டாம், சூடும் பெட்ரோலும் தாங்கும் விட்டான் ரகம் கேட்டேன். இடது பக்கத்துக்கும் சேர்த்து வாங்கினேன், இரண்டும் முந்நூறு ரூபாய்க்குள். வழியெல்லாம் கிருஷ்ணகிரி வரை மாங்கூழ் ஆலைகளுக்குப் போகும் பெங்களூரா மாங்காய் டிராக்டர்கள்.

பெட்ரோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. ஒரு பங்கு சுத்தப் பெட்ரோல் எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 பங்கே போதும். அப்படியென்றால் அதே காற்றுக்கு இந்தக் கலப்புப் பெட்ரோல் கூடுதலாக ஊற்ற வேண்டும். புது வண்டியில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். 1980களில் துளை போட்ட ஜெட்டுக்கு எத்தனால் என்றால் என்ன தெரியும்? சீல் போனது பெரிய காரணம், இது அதன் மேல் ஒரு கொசுறு. ஒரு படி பெரிய மெயின் ஜெட்டும் வாங்கிவிட்டேன். பெட்ரோல் டியூபையும் மாற்ற வேண்டும், பழைய ரப்பரை எத்தனால் உப்பவைத்துவிடும்.

ஜூன் 28, சனி

சீல் மாற்றினோம். இன்ஜினைப் பிளக்க வேண்டியிருக்கவில்லை. பழையதை நகத்தால் அழுத்தினால் பள்ளமே விழவில்லை. உதட்டின் ஸ்பிரிங் துருப்பிடித்து இரண்டு துண்டாக வந்தது. பிபி கருவியை மறுபடி மாட்டி அடித்தோம். முள் நின்ற இடத்தில் நின்றது. டீ வந்து குடித்து முடித்த பிறகும் கிட்டத்தட்ட அங்கேயே.

டைனமோவைக் கழற்றியதால் டைமிங் புதிதாக வைக்க வேண்டும். பாயிண்ட் நடுவே சிகரெட் பாக்கெட்டின் மெல்லிய தாளை வைத்து மெல்ல இழுத்துப் பிடித்துக்கொண்டு, இன்ஜினைக் கையால் சுற்றினார் பாய். தாள் விடுபடும் நொடிதான் பாயிண்ட் திறக்கும் நொடி. அப்போது பிளக் துளைக்குள் விட்ட கம்பியின் கீறல் சரியான உயரத்தில் இருக்க வேண்டும். நான் பல்ப் வைத்துப் பார்க்கலாமே என்றேன். “பல்ப் உங்களுக்கு, தாள் எனக்கு” என்றார்.

ஜூன் 29, ஞாயிறு

வத்தல்மலை அடிவாரத்திலிருந்து உச்சி வரை ஒரே மூச்சு. எங்கும் அடங்கவில்லை. ஆக்சிலரேட்டரை விட்டதும் ஸ்லோ உடனே இறங்கி டுக்டுக்கென்று நின்றது. ஏற்றத்தில் நிறுத்தி எடுத்த பிளக் பழுப்பு நிறம். சாயங்காலம் தொப்பூரும் போனேன். மூன்றாவது கியரில் ஏறி, மேலே சமதளம் வந்ததும் நாலாவது. வழியில் ஒரு லாரியை நானே முந்தினேன். அது லோடு வண்டி, பெருமைப்பட ஒன்றுமில்லை.

மைலேஜ் கொஞ்சம் குறைந்திருக்கிறது. பெரிய ஜெட் என்றால் அப்படித்தான்.

ஜூலை 6, ஞாயிறு

பிஸ்டனை மறுபடி டார்ச் அடித்துப் பார்த்தேன். கோடுகள் கூடவில்லை. சித்தப்பா வந்து பாலக்கோடு வரை ஓட்டிப் பார்த்தார். “பாயிண்ட்தானே?” என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இடது பக்க சீல் இன்னும் டப்பாவிலேயே இருக்கிறது. அதுவும் இதே வயசு ரப்பர்தான், விட்டுவைக்கக் கூடாது. அதற்குக் கிளட்சைக் கழற்ற வேண்டும். கழற்றும் புல்லரை யாரோ இரவல் வாங்கிப் போயிருக்கிறார்கள், வந்ததும் சொல்கிறேன் என்றார் பாய். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போவதற்குள் முடித்துவிட வேண்டும்.