தெருமுனை அடிபம்பு

பல ஆண்டுகளாக ஆடு கட்டுவதற்கு மட்டுமே பயன்பட்டுவந்த எங்கள் தெருமுனை அடிபம்பை, முறையாக அனுமதி பெற்று, தெருக்காரர்கள் ஒன்பது பேர் சேர்ந்து ஒருவழியாகச் சீரமைத்துவிட்டோம். அதோடு சேர்த்துச் சீரமைத்த தெருப் பெயர்ப்பலகைகளுக்கும் இரும்பு இருக்கைக்கும் அதிகப் பாடில்லை. கம்பி பிரஷால் துருவைத் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, மறுநாள் எனாமல் பூசியதோடு அவற்றின் வேலை முடிந்தது.

பம்புதான் எங்களைச் சோதித்தது. அது இந்தியா மார்க் 2 வகை. சோலாப்பூர் பம்பு என்ற முந்தைய வகையை அடிப்படையாகக் கொண்டு, யுனிசெஃப் துணையுடன் 1970களில் உருவாகி, நம் கோயம்புத்தூர் வட்டாரத்து ஆழ்துளைக் கிணறுகளிலேயே சோதித்துப் பார்க்கப்பட்ட வடிவம் அது என்று அறிந்தபோது, பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு ஏற்பட்ட பெருமிதம் சொல்லி மாளாது.

ஆவணியில் பம்புக்கு ஆசையாகப் பூசிய நீல எனாமல், ஐப்பசி மழைக்குள் வாழைப்பட்டை போல உரிந்து வந்தது. பம்பின் இரும்பைத் துருவிலிருந்து காக்கும் துத்தநாக முலாமின் மீது எண்ணெய் சார்ந்த பெயின்ட்டை நேரடியாகப் பூசினால், இரண்டும் வினைபுரிந்து அடியில் சோப்பு போன்ற படலம் உருவாகிப் பிடிமானம் போய்விடும் என்று பெயின்டர் அண்ணன் ஒருவர் விளக்கிய பிறகுதான், அனைத்தையும் சுரண்டி எடுத்துவிட்டு, முலாமுக்கென உள்ள பிரைமரிலிருந்து மீண்டும் தொடங்கினோம். (அவரிடம் முதலிலேயே கேட்டிருக்கலாம், கூலிப் பேச்சு வந்துவிடுமோ என்று தயங்கியது எங்கள் தவறு.)

தலைப்பெட்டிக்குள் காய்ந்து கிடந்த சங்கிலிக்குக் கிரீஸ் இட்டு, தேய்ந்த வாஷரை மாற்றியபின், தண்ணீர் வந்தது, கலங்கலாகத்தான். பரிசோதனை முடிவு வரும்வரை ‘குடிப்பதற்கு அல்ல’ என்று எழுதிவைத்திருக்கிறோம். பம்பிலேயே மிக அழகாக அமைந்தவை அந்த எழுத்துகள்தாம்.