அக்காவின் மேசைக்கு அடியில் ஒரு ரவுட்டர்

சிங்கப்பூர் உபியில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பாதிப் பேருக்கு நெட் போய்விட்டது. மீதிப் பேருக்கு ஒரு குறையும் இல்லை. மாட்டிக்கொண்ட மடிக்கணினி ஒன்றைத் திறந்து பார்த்தால், ஐபி முகவரி 192.168.1 என்று தொடங்குகிறது. எங்களுடையது 10-இல் தொடங்க வேண்டும். சரி, யாரோ வீட்டு ரவுட்டரைச் செருகிவிட்டார்கள். அது, கணினிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் எங்கள் டிஎச்சிபி சர்வரை முந்திக்கொண்டு முகவரி கொடுக்கிறது.

அதே மடிக்கணினியில் கேட்வேயின், அதாவது அந்த ரவுட்டரின், மேக் முகவரியை (கருவியின் அடையாள எண்) எடுத்து, எல்லா ஒயர்களும் வந்து சேரும் சுவிட்சில், எந்த மேக் எந்தப் போர்ட்டில் (ஒயர் செருகும் துளை) இருக்கிறது என்று காட்டும் அட்டவணையில் தேடினேன். 17-ஆம் போர்ட். ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால், கணக்குப் பிரிவு அக்காவின் மேசைக்கு அடியில், செருப்புக்குப் பக்கத்தில், ரவுட்டர் மினுக்கிக்கொண்டிருந்தது. "இந்த மூலைல வைஃபை வரவே மாட்டேங்குது தம்பி. வீட்டுல சும்மா கிடந்துச்சு, எடுத்துட்டு வந்தேன்" என்றார். கோபம் வரவில்லை. போர்ட்டைத் திறந்துபோட்டது நான்தானே.

அன்றே டிஎச்சிபி ஸ்னூப்பிங் போட்டேன். சர்வர் பக்கம் போகும் போர்ட்டான அப்லிங்க்கை மட்டும் நம்பலாம் என்று குறித்துவிட்டால், மற்ற போர்ட்டுகளிலிருந்து வரும் டிஎச்சிபி பதில்களைச் சுவிட்சே தள்ளிவிடும். அப்லிங்க்கைக் குறிக்க மறந்தால் ஒருவருக்கும் முகவரி கிடைக்காது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வெள்ளி மாலை எல்லோரும் கிளம்பியதும், ஒரு போர்ட்டில் எத்தனை மேக் வரலாம் என்று கட்டுப்படுத்தும் போர்ட் செக்யூரிட்டியையும், முதலில் பார்த்த மேக்கை நினைவில் வைத்துக்கொள்ளும் ஸ்டிக்கியோடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். சிஸ்கோ சுவிட்சில் நாம் எதையும் மாற்றாவிட்டால் போர்ட்டுக்கு ஒரே ஒரு மேக்தான். இரண்டாவது வந்தால் போர்ட் மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் விழித்திருந்தவை மேசை போன்கள் மட்டும். கணினிகளோ அந்தப் போன்கள் வழியாகத்தான் சுவிட்சுக்கு வருகின்றன. திங்கள் காலை ஒவ்வொருவராகக் கணினியைப் போடப் போட, சுவிட்சில் பச்சை விளக்குகள் வரிசையாக ஆரஞ்சாக மாறின. என் கைப்பேசி ஓயவே இல்லை.

போன் சில நேரம் இரண்டு விலானிலும் (குரலுக்கு ஒன்று, கணினிக்கு ஒன்று என்று பிரித்த வலையமைப்புகள்) தலைகாட்டும் என்பதால், கணினியையும் சேர்த்து வரம்பை 3 ஆக்கினேன். மீறினால் மூடாமல், புது மேக்கை மட்டும் தடுத்துப் பதிவு செய்யும் ரெஸ்ட்ரிக்ட்டுக்கு மாற்றினேன். யாரும் பயன்படுத்தாத சுவர் சாக்கெட்டுகளின் போர்ட்டுகளை அடைத்தேன்.

மேக் முகவரியைப் போலியாக மாற்றுவது சுலபம். அதனால் அடுத்து, யார் என்று சரிபார்த்த பிறகே போர்ட்டைத் திறக்கும் 802.1எக்ஸ், அதை இரண்டு போர்ட்டில் மட்டும் சோதித்து வருகிறேன், வெள்ளி மாலையில் இல்லை. அக்காவின் மூலைக்கு முறையாக ஒரு வைஃபை ஆக்சஸ் பாயிண்ட் மாட்டியாயிற்று.